வீட்டில் திறக்கும் கோப்பு வெளியில் ஏன் திறப்பதில்லை?

உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு பழைய பத்திரத்தின் ஸ்கேன் நகல் அவசரமாகத் தேவைப்பட்டது. அது என் வீட்டுக் கோப்புச் சர்வரில் இருப்பது எனக்குத் தெரியும். நானே ஸ்கேன் செய்து போட்டதுதான். மடிக்கணினியைத் திறந்து, வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் பாதுகாப்பான பாதை போட்டுத் தரும் விபிஎன்னை இயக்கினேன். இணைந்துவிட்டதாகப் பச்சைக் குறி காட்டியது. சர்வரின் முகவரியான 192.168.1.10 என்ற எண்ணை உலாவியில் தட்டினேன். திரையில் வந்தது என் சர்வர் அல்ல, ஒரு பிரிண்டரின் அமைப்புப் பக்கம். மை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தட்டில் தாள் இருக்கிறதா என்று வரிசையாகக் காட்டியது. அந்தப் பிரிண்டர் அடுத்த அறை மேசையில் இருந்தது.

அன்று நகல் கிடைக்கவில்லை. ஆனால், அந்தப் பக்கம் ஏன் வந்தது என்று யோசித்ததில்தான் வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை அணுகுவது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு முழுதாகப் பிடிபட்டது. பிரிண்டர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், கோப்பு கேட்டு நாம் அனுப்பும் கோரிக்கை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். வழி தெரிந்தவருக்கு, கோரிக்கை எங்கே நின்றுபோனது என்று தேடிக் கண்டுபிடிப்பது கடினமல்ல. வழி தெரியாமல் ரூட்டரின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் நாள்கள் வீணாகின்றன.

கோப்புச் சர்வர் என்றதும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். மூலையில் கிடக்கும் பழைய கணினியாக இருக்கலாம், உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை பலகையாக இருக்கலாம், நாஸ் என்று கடைகளில் விற்கும் பெட்டியாக இருக்கலாம். தன் வட்டில் இருக்கும் கோப்புகளைப் பிற கருவிகளுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை.

முகவரி ஒன்றல்ல, இரண்டு

வீட்டு ரூட்டர் தன்னுடன் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். சில வீடுகளில் 10 என்றும், அரிதாக 172.16 முதல் 172.31 வரையிலும் தொடங்கும். இந்த மூன்று வரிசைகளையும் 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் உள் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கிவைத்தது. யார் வேண்டுமானாலும், யாரிடமும் கேட்காமல் தம் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். அதனால்தான் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் ஒரே நேரத்தில் 192.168.1.10 என்ற கருவி இருக்கிறது. வீட்டுக்கு வெளியே அந்த எண்ணைச் சொன்னால் அது யாருடைய கருவியையும் குறிக்காது.

வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே ஒரு பொது முகவரியாகத்தான் தெரிகிறது. அந்த முகவரியை வைத்திருப்பது ரூட்டர். நீங்கள் உள்ளிருந்து ஓர் இணையதளத்தைக் கேட்கும்போது, இந்தக் கேள்வி எந்தக் கருவியிலிருந்து போனது என்று ரூட்டர் குறித்துவைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்புகிறது. ‘நாட்’ என்று சொல்லப்படும் முகவரி மாற்றம் இதுதான். இப்போது நீங்கள் வெளியே நின்று வீட்டைக் கூப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து யாரும் கேட்காத ஒன்று வாசலுக்கு வந்திருக்கிறது. ரூட்டரிடம் அதைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் அதைக் கீழே போட்டுவிடுகிறது. உங்கள் சர்வர் வெளியில் திறக்காமல் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இவ்வளவுதான். எதுவும் கெட்டுப்போகவில்லை, ரூட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

இதைத் தாண்டி உள்ளே வர மூன்று வழிகள் இருக்கின்றன. இந்த எண்ணுள்ள போர்ட்டுக்கு (ஒரு சேவைக்கு உரிய எண்ணிட்ட வாசல்) வருவதை இந்தக் கருவிக்குக் கொடு என்று ரூட்டரில் எழுதிவைப்பது ஒன்று. இதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். வீட்டில் ஒரு விபிஎன் சர்வரை வைத்து, அதற்கு மட்டும் வாசலைத் திறந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாகக் கொண்டுவருவது இரண்டாவது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வராமல், சர்வரே வெளியே போய் ஓர் இடைநிலையாளரிடம் இணைந்து காத்திருப்பது மூன்றாவது. டெய்ல்ஸ்கேல், ஜீரோடியர் போன்றவை இந்த மூன்றாவது வகை. எந்த வழி உங்களுடையது என்று தெரிந்துகொண்டு தேட ஆரம்பியுங்கள்.

வாசலைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை

விண்டோஸ் கோப்புப் பகிர்வு எஸ்எம்பி என்ற நெறிமுறையில், 445ஆம் எண் போர்ட்டில் நடக்கிறது. ‘அந்த 445ஐ ரூட்டரில் திறந்துவிட்டால் முடிந்தது’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் உலகம் முழுவதும் பரவியது இந்த வழியாகத்தான். பழைய எஸ்எம்பியில் இருந்த ஓர் ஓட்டையை அது பயன்படுத்திக்கொண்டது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் சிக்கின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மற்றொரு தாக்குதல், இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கப்பட்டிருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அப்படிப் பூட்டப்பட்டவற்றில் எத்தனையோ வீடுகளின் புகைப்படங்கள் இருந்திருக்கும்.

பல இணையச் சேவை நிறுவனங்கள் 445ஐத் தம் மட்டத்திலேயே அடைத்துவைத்திருப்பதும் இதனால்தான். நீங்கள் எவ்வளவு சரியாக அமைத்தாலும் அந்த போர்ட் வழியாகக் கோரிக்கை வீடு வந்து சேராமல் போகலாம். என் கருத்தைக் கேட்டால், வீட்டுக் கோப்புகளுக்கு விபிஎன்தான் சரியான வழி. திறந்திருப்பது ஒரே வாசல். அதற்கும் சாவி வேண்டும்.

சோதனையைச் சரியாகச் செய்வது

நான் பார்த்தவரையில் பலர் தடுக்கிவிழும் இடம் இது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே, தம் பொது முகவரியைத் தட்டிப் பார்த்து, ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உள்ளிருந்து கிளம்பி, தன் வாசலுக்கே போய், மறுபடி உள்ளே திரும்பி வருகிற இந்தச் சுற்றைச் சில ரூட்டர்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. அனுமதிக்காத ரூட்டரில், எல்லாம் சரியாக இருந்தாலும் திறக்காது. எனவே வெளியிலிருந்து சோதிப்பது என்றால் உண்மையிலேயே வெளியில் இருக்க வேண்டும். அதற்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். மடிக்கணினி என்றால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டுக்குள்ளேயே வேறொரு கருவியிலிருந்து சர்வர் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளேயே திறக்காத சர்வர் வெளியில் எப்படித் திறக்கும்? இதைச் சொல்லித்தர வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் மின்சாரம் போய் வந்தபின் சர்வர் இயங்கவே தொடங்காமல் இருந்த நாளில், நான் ஒரு மணி நேரம் ரூட்டரைக் குடைந்துகொண்டிருந்தேன்.

பிழைச் செய்தியைப் படியுங்கள்

பிழைச் செய்தி வந்ததும் அதை மூடிவிட்டு மறுபடி முயல்வது எல்லோருக்கும் பழக்கம். கொஞ்சம் நிதானித்து அதைப் படித்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே, ஒரு நொடிக்குள் வந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தி. கோரிக்கை ஏதோ ஓர் இயந்திரம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து ‘நீங்கள் தேடுகிற ஆள் இங்கே இல்லை’ என்று குரல் வருவதைப் போல. அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய சேவை நின்றுபோயிருக்கலாம், அல்லது நீங்கள் தவறான போர்ட் எண்ணைக் கொடுத்திருக்கலாம்.

இருபது, முப்பது நொடிகள் சுழன்றுவிட்டு ‘நேரம் கடந்துவிட்டது’ என்று வந்தால் கதை வேறு. தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், குரலே இல்லை. வழியில் எங்கோ யாரோ கோரிக்கையைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். வருவதை வடிகட்டித் தடுக்கும் ஃபயர்வால், எழுதப்படாத போர்ட் ஃபார்வர்டிங், உறங்கிப்போன சர்வர், மாறிப்போன பொது முகவரி ஆகியவற்றில் ஒன்று.

‘பெயர் கண்டுபிடிக்கப்படவில்லை’ என்றால் கோரிக்கை இன்னும் புறப்படவே இல்லை. முகவரிப் புத்தகத்திலேயே சிக்கல். ‘அனுமதி இல்லை’ என்றோ ‘கடவுச்சொல் தவறு’ என்றோ வந்தால் வழி முழுவதும் சரி. சர்வரின் வாய்ச்சொல்லையே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இந்த நிலையில் ரூட்டரைத் தொடவே வேண்டாம். பயனர் பெயர், கோப்புறையின் அனுமதி இரண்டையும் மட்டும் பாருங்கள். கடவுச்சொல்லே இல்லாத விருந்தினர் நுழைவை விண்டோஸின் புதிய பதிப்புகள் பல மறுத்துவிடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளிருந்து வெளியே நடந்து வாருங்கள்

தேடலைச் சர்வரில் தொடங்கி, ஒவ்வோர் அடியாக வெளிப்பக்கம் வருவது என் வழக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவேன்; மாற்றியதைத் தாளில் எழுதிக்கொள்வேன். நான்கை ஒரே மூச்சில் மாற்றினால், எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது புதிதாகக் கெடுத்தது என்றும் தெரியாது.

சர்வரின் உள்முகவரி மாறியிருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. ரூட்டர் கொடுக்கும் முகவரி நிரந்தரமல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடப்படுவது. ரூட்டரை அணைத்துப் போட்டபின் நேற்று 192.168.1.10இல் இருந்த சர்வர் இன்று 192.168.1.14இல் இருக்கலாம். போர்ட் ஃபார்வர்டிங் விதியோ இன்னும் 10ஐக் காட்டிக்கொண்டிருக்கும். ‘ஆறு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். ரூட்டரில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி பகுதியில், சர்வரின் மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருளுக்கு உரிய அடையாள எண்) ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கும் வசதி இருக்கும். ஒருமுறை செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

சர்வர் விண்டோஸ் கணினி என்றால் இன்னோர் இடம் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் பொது, தனிப்பட்டது என்று பிரித்து நடத்துகிறது. ரூட்டரை மாற்றினால், பழைய வீட்டையே புதிய வலையமைப்பாகக் கருதிப் பொது என்று வைத்துவிடும். பொது வலையமைப்பில் கோப்புப் பகிர்வு இயல்பாகவே அடைபட்டிருக்கும். அமைப்புகளில் போய்த் தனிப்பட்டது என்று மாற்றினால் போதும். ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிடுங்கள் என்று வரும் அறிவுரையை ஏற்காதீர்கள். அணைத்தபின் வேலை செய்தால் நிம்மதியில் அப்படியே விட்டுவிடுவோம், அதுதான் அபாயம்.

கணினி உறங்கிப்போவதையும் கவனியுங்கள். வீட்டில் யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை விழித்திருக்கும், எல்லோரும் வெளியே போனபின் உறங்கிவிடும். உங்களுக்குத் தேவைப்படும் நேரமும் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது ரூட்டர். அதன் நிலைப் பக்கத்தில் இணையப் பக்கத்து முகவரி, அதாவது வான் முகவரி என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தில் வருகிற எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் ரூட்டரிடம் உண்மையான பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டால், இடையில் இன்னொருவர் முகவரி மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

வான் முகவரி 192.168 என்று தொடங்கினால், அந்த இன்னொருவர் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். சேவை நிறுவனம் கொடுத்த மோடமே ஒரு ரூட்டராகவும் இயங்குகிறது. அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டர் இருக்கிறது. இரண்டு வாசல்கள். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துவிட்டீர்கள். மோடத்தை, ரூட்டர் வேலையைச் செய்யாத பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் ஒரு வாசல் குறையும். முடியாவிட்டால் இரண்டிலும் விதி எழுத வேண்டும்.

வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றாகத் தொடங்கினால், இரண்டாவது வாசல் சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. சிஜிநாட் என்று இதைச் சொல்வார்கள். (சில நிறுவனங்கள் இதற்கு 10 என்று தொடங்கும் முகவரிகளையும் கொடுக்கின்றன.) காரணம் பற்றாக்குறைதான். இதுவரை பார்த்த, ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலக அளவில் பகிர்ந்தளிக்க வைத்திருந்த இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அடுத்த ஆண்டே, இந்த 100.64 வரிசை சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்காகத் தனியாக ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் உங்கள் ரூட்டரில் என்ன விதி எழுதினாலும் பயனில்லை. கோரிக்கை உங்கள் ரூட்டரை எட்டுவதே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாரக்கணக்கில் போராடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வான் முகவரியைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். ரூட்டரில் எந்த விதியையும் எழுதுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம். பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இருக்கும். இல்லையென்றால் மேலே சொன்ன மூன்றாவது வழிக்கு வரலாம். சர்வரே வெளியே போய் இணைவதால், எத்தனை வாசல்கள் இடையில் இருந்தாலும் அந்த வழி வேலை செய்யும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி கிடைக்கும். முகவரி மாற்றமே தேவையில்லை. ஆனால் வீட்டு ரூட்டர்களின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை அங்கேயும் இயல்பாகத் தடுக்கும். நீங்கள் போய் நிற்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

இனி பெயர். பொது முகவரி அவ்வப்போது மாறுவதால் மாறும் எண்ணை ஒரே பெயருடன் இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் மூலம் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். பெயர் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று கைபேசியில் பாருங்கள். தற்போதைய பொது முகவரியுடன் பொருந்தவில்லையென்றால், புதுப்பிக்க வேண்டிய நிரல் நின்றுபோயிருக்கிறது. சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் நிறுவனத்தின் வாசலைத்தான் காட்டும், உங்கள் வாசலை அல்ல.

விபிஎன் இணைகிறது, கோப்பு வரவில்லை

வயர்கார்டு என்ற விபிஎன்னைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் 5.6ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட இது, தரவை அனுப்பும் முறைகளில் ஒன்றான யுடிபியில், வழக்கமாக 51820 என்ற போர்ட்டில் இயங்குகிறது. சரியான சாவி இல்லாத எவருக்கும் அது பதிலே சொல்லாது. அதனால், போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் இணையதளங்களில் சோதித்தால் மூடியிருப்பதாகவே காட்டும். அந்தத் தளங்களில் பலவும் டிசிபி என்ற மற்றோர் அனுப்பும் முறையை மட்டுமே சோதிக்கின்றன. எனவே அதை நம்பி ரூட்டரைக் கலைக்காதீர்கள். வயர்கார்டின் நிலைப் பகுதியில் கடைசிக் கைகுலுக்கல் (இரு பக்கமும் ஒன்றையொன்று சாவியால் உறுதிசெய்துகொள்வது) எப்போது நடந்தது என்று ஒரு வரி இருக்கும். சில நொடிகள் முன்பு என்று அது காட்டினால் வாசல்வரை எல்லாம் சரி. அந்த வரியே இல்லையென்றால் போர்ட், பொது முகவரி, சாவி மூன்றையும் பாருங்கள். இணைந்ததாகக் காட்டும் பச்சைக் குறியை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். இந்தப் பக்கம் இயங்குகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மறுபக்கம் பதில் சொன்னதா என்பதை அல்ல.

கைகுலுக்கல் நடந்தும் சர்வர் திறக்காவிட்டால், விண்டோஸ் சர்வரில் நான் முதலில் பார்ப்பது ஃபயர்வால் விதியின் எல்லையை. கோப்புப் பகிர்வுக்கான விதி, தனிப்பட்ட வலையமைப்பிலும், அதே வரிசை முகவரியிலிருந்து வருகிறவர்களை மட்டுமே இயல்பாக அனுமதிக்கும். விபிஎன் வழியாக வரும் நீங்களோ 10.8.0 போன்ற வேறொரு வரிசையிலிருந்து வருகிறீர்கள். வீட்டுக்குள் இருக்கும் எல்லோருக்கும் திறக்கும், உங்களுக்கு மட்டும் திறக்காது. கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் பிங் கூடப் போகாது. அந்த விதியின் எல்லையில் உங்கள் விபிஎன் வரிசையைச் சேர்த்துவிட வேண்டும். வேறெதையும் தளர்த்தத் தேவையில்லை.

விபிஎன் ரூட்டரில் இல்லாமல் தனிப் பெட்டியில் ஓடினால் இன்னொன்றும் நடக்கும். கோரிக்கை சர்வருக்குப் போய்விடும், பதிலை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் சர்வர் அதை ரூட்டரிடம் கொடுக்கும், ரூட்டருக்கும் தெரியாது. விபிஎன் வரிசைக்குப் போக வேண்டியதை அந்தப் பெட்டியிடம் கொடு என்று ரூட்டரில் ஒரு நிலைவழி எழுத வேண்டும். போகும் வழியைப் பார்க்கிற நாம் திரும்பும் வழியைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

வீட்டில் சர்வரைப் பெயர் சொல்லித் திறக்கும் பழக்கம் இருந்தால், வெளியில் அந்தப் பெயர் வேலை செய்யாமல் போகலாம். வீட்டுக்குள் கருவிகள் ஒன்றையொன்று கூவிக் கேட்டுப் பெயர் கண்டுபிடிக்கின்றன. அந்தக் கூவல் விபிஎன்னைத் தாண்டி வராது. பெயருக்குப் பதில் ஐபி எண்ணைத் தட்டிப் பாருங்கள். திறந்துவிட்டால் சிக்கல் பெயரில் மட்டும்தான்.

கோப்புறைப் பட்டியல் உடனே வருகிறது, சிறிய உரைக் கோப்பு திறக்கிறது, பெரிய படத்தை எடுத்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது என்றால், அது எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. இணையத்தில் தரவு பொட்டலங்களாகப் போகிறது. வழக்கமான பெரிய பொட்டலம் 1500 பைட். விபிஎன் தன் உறையையும் மேலே சுற்றுவதால் உள்ளே இருக்கும் இடம் குறைகிறது. வயர்கார்டு வழக்கமாக 1420 வைத்துக்கொள்கிறது. வழியில் ஏதாவதொரு வலையமைப்பு அதைவிடக் குறைவாகவே அனுமதித்தால், சிறிய பொட்டலங்கள் போகும், பெரியவை தொலையும். எம்டியூவை 1280 என்று குறைத்துப் பாருங்கள். சரியானால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மெதுவாக வருவது கோளாறு அல்ல. வெளியிலிருந்து நீங்கள் இறக்குவது, வீட்டைப் பொறுத்தவரை ஏற்றுவது. ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், அது 2.5 மெகாபைட்தான். ஒரு ஜிகாபைட் கோப்புக்கு 400 நொடிகள், அதாவது ஆறு நிமிடம் நாற்பது நொடி. தவிர எஸ்எம்பி ஒவ்வொரு சிறு வேலைக்கும் போய்ப் போய்க் கேட்டுவரும் இயல்புடையது. நூற்றுக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையைத் தொலைவிலிருந்து திறந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி அந்தப் பிரிண்டர். என் வீட்டு வலையமைப்பு 192.168.1 வரிசையில் இருந்தது. உறவினர் வீட்டு வலையமைப்பும் அதே வரிசை; ஏராளமான ரூட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அந்த எண்ணுடன்தான் வருகின்றன. நான் 192.168.1.10 என்று தட்டியதும் மடிக்கணினி யோசித்தது: இந்த வரிசை என் பக்கத்திலேயே, இதே வைஃபையில் இருக்கிறதே, எதற்கு விபிஎன் வழியாகப் போக வேண்டும்? நேராக அடுத்த அறைக்குப் போய்விட்டது. அங்கே அந்த எண்ணில் இருந்தது பிரிண்டர். விபிஎன்னில் ஒரு குறையும் இல்லை. கைகுலுக்கல் சரியாகவே நடந்திருந்தது. ஒரே எண்ணில் இரண்டு வீடுகள் இருந்தன, அவ்வளவுதான்.

அவசரத்துக்கு அன்றே ஒரு வழி இருந்தது, எனக்குத்தான் அப்போது தோன்றவில்லை: கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியிருந்தால் வரிசை மாறியிருக்கும், நகல் வந்திருக்கும். ஊர் திரும்பியதும் வீட்டு வரிசையையே 10.73.41 என்று மாற்றினேன். யாருடைய ரூட்டரும் தானாக எடுத்துக்கொள்ளாத எண்ணாகத் தேர்ந்தெடுத்தேன். ஒதுக்கிய முகவரிகள், விபிஎன் கோப்பில் இருந்த வழிகள், ஃபயர்வால் எல்லை, தொலைக்காட்சியில் சேமித்திருந்த பகிர்வு என்று ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு மாலைப் பொழுது ஆனது. மறுமுறை அதே வீட்டில், அதே வைஃபையில், 10.73.41.10 என்று தட்டினேன். பத்திரத்தின் முதல் பக்கம் திரையில் வந்தது. அடுத்த அறையில் இருந்த பிரிண்டரிலேயே அதை அச்செடுத்துக்கொண்டேன்.